ஸ்பானிய யதார்த்த ஓவியர் டியேகோ வெலாஸ்குவெஸ் (1599 – 1660): வாழ்வும் ஓவியப் பாணியும்

யதார்த்த ஓவியம் என்றால் என்னவென்று வகுப்பில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "புகைப்படம் போல வரைவது" என்று எழுதுகிறீர்கள். அந்த விடை முற்றிலும் பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு மேல் ஒரு வரியும் எழுதாவிட்டால் அது அரைகுறை விடையாகவே நின்றுவிடும். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்பெயின் நாட்டில் ஓர் ஓவியர், தன் கண் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் வரைந்து காட்டினார். அரசனையும் அரசனின் வேலைக்காரனையும் ஒரே கண்ணால் பார்த்தார். அவரே டியேகோ வெலாஸ்குவெஸ் ஆவார். அவருடைய வாழ்வையும் பாணியையும் விளங்கிக் கொண்டால், யதார்த்தம் என்ற சொல்லின் முழுப் பொருளும் உங்களுக்கு விளங்கிவிடும்.

இப்பாடத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் பின்வருவனவற்றைச் செய்யக்கூடியவராக இருத்தல் வேண்டும்.

• வெலாஸ்குவெஸின் வாழ்க்கையை நான்கு கட்டங்களாகப் பிரித்து விளக்குதல்
• அவரது பாணியின் சிறப்பியல்புகளை உதாரணத்துடன் எழுதுதல்
• அவரது ஓவியங்களுள் ஐந்தையேனும் இனங்கண்டு இரசனைக் குறிப்பு எழுதுதல்

1. சுருக்கக் குறிப்பு

பிறந்த இடம்: செவில் நகரம், தென் ஸ்பெயின்
திருமுழுக்குப் பெற்ற நாள்: 1599 யூன் 6
குரு: பிரான்சிஸ்கோ பச்சேகோ
மனைவி: ஹுவானா பச்சேகோ (குருவின் மகள்)
ஆதரித்த அரசர்: நான்காம் பிலிப் (ஆட்சிக்காலம் 1621 – 1665)
கலைக் காலம்: பரோக் காலம்
பயன்படுத்திய ஊடகம்: கன்வஸ் துணியில் தைலவர்ணம்
இறப்பு: 1660 ஓகஸ்ட் 6, மட்ரிட்

2. வாழ்க்கை வரலாறு

2.1 செவில் நகரில் இளமைக் காலம் (1599 – 1623)

செவில் அக்காலத்தில் ஸ்பெயினின் செல்வம் மிக்க துறைமுக நகரம். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த வெள்ளியும் பொன்னும் இந்நகரின் வழியாகவே நாட்டுக்குள் சென்றன. செல்வந்தரும் துறவியரும் நடந்த அதே வீதிகளில் தண்ணீர் விற்போரும் கூலியாட்களும் பிச்சைக்காரரும் நிறைந்திருந்தனர். இளம் வெலாஸ்குவெஸ் வீதியில் கண்ட இந்த மனிதரே பின்னர் அவரது ஓவியங்களில் இடம்பிடித்தனர்.

தந்தையார் போர்த்துக்கீச வம்சத்தைச் சேர்ந்தவர். "வெலாஸ்குவெஸ்" என்பது தாயாரின் குடும்பப் பெயர். தாயின் பெயரைச் சூடிக்கொள்வது அப்பகுதியில் வழக்கமாக இருந்தது. 1611இல் பிரான்சிஸ்கோ பச்சேகோவிடம் மாணவராகச் சேர்க்கப்பட்டார். பச்சேகோ பெரும் ஓவியர் எனப் புகழ் பெற்றவர் அல்லர். ஆயினும் கல்வியறிவு மிக்கவர். கவிஞர்களும் அறிஞர்களும் கூடும் இடமாக அவரது வீடு இருந்தது. அவர் மாணவனைத் தன் பாணிக்குள் அடைத்து வைக்காமல், பார்த்து வரையப் பழக்கினார். நல்லாசிரியருக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

1617இல் வெலாஸ்குவெஸ் ஓவியர் சங்கத்தின் பரீட்சையில் சித்தியடைந்து, தனியாகத் தொழில் செய்யும் உரிமையைப் பெற்றார். 1618இல் குருவின் மகளை மணந்தார். இக்காலத்தில் அவர் வரைந்த சமையலறை, உணவுச்சாலைக் காட்சிகள் ஸ்பானிய மொழியில் "போதெகோன்" என அழைக்கப்பட்டன. சமயக் காட்சிகளும் அரச உருவங்களுமே உயர்ந்த கலை எனக் கருதப்பட்ட காலத்தில், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் முட்டை பொரிக்கும் கிழவியை வரைந்தார் என்பதைக் கவனியுங்கள்.

2.2 அரண்மனை ஓவியர் (1623 – 1629)

1622இல் முதன்முறையாக மட்ரிட் சென்றபோது அரசரை வரையும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டில் அரசரின் முதன்மை அமைச்சர் ஒலிவாரெஸ் பிரபு அவரை அழைப்பித்தார். நான்காம் பிலிப்பின் உருவப்படம் ஒன்றை வரைந்தார். 1623 ஒக்டோபரில் அரச ஓவியராக நியமிக்கப்பட்டார். அப்போது ஓவியருக்கு வயது 24, அரசருக்கு வயது 18. அன்று தொடங்கிய தொடர்பு முப்பத்தேழு ஆண்டுகள், ஓவியரின் இறப்பு வரை நீடித்தது.

1628இல் புகழ்பெற்ற பிளெமிய ஓவியரான ரூபன்ஸ் அரசியற் பணியாக மட்ரிட்டுக்கு வந்தார். அரச சேகரிப்பிலிருந்த வெனிஸ் நகர ஓவியர் டிஷியனின் ஓவியங்களை ரூபன்ஸ் பிரதி செய்வதை வெலாஸ்குவெஸ் அருகிலிருந்து பார்த்தார். இத்தாலிக்குச் செல்லும் ஆவலை இச்சந்திப்பு வலுப்படுத்தியது.

2.3 இரு இத்தாலிப் பயணங்கள் (1629 – 1631, 1649 – 1651)

முதற் பயணத்தில் வெனிஸ், உரோம், நேப்பிள்ஸ் முதலிய நகரங்களுக்குச் சென்று டிஷியன், மைக்கலாஞ்சலோ, ரபாயல் ஆகியோரின் படைப்புகளைக் கற்றார். அதன் பின் அவரது வர்ணங்கள் ஒளி பெற்றன. தூரிகை வீச்சு இலகுவாயிற்று. மனித உடலின் அசைவை வரைவதில் தேர்ச்சி கூடியது. "வல்கனின் கொல்லுலை" (1630) இப்பயணத்தின்போது வரையப்பட்டது.

நாடு திரும்பிய பின் 1630களில் அரச குடும்பத்தினரின் குதிரையேற்ற ஓவியங்களையும் "பிரேடாவின் சரணடைவு" என்ற பெரும் வரலாற்று ஓவியத்தையும் அரண்மனை ஊழியர்களின் உருவப்படங்களையும் வரைந்தார்.

இரண்டாம் பயணம் அரண்மனைக்குச் சிற்பங்களும் ஓவியங்களும் கொள்வனவு செய்வதற்காக மேற்கொள்ளப்பட்டது. இதன்போது உரோமில் பாப்பரசர் பத்தாம் இன்னசென்ற், தம் உதவியாளர் ஹுவான் டி பரேஹா ஆகியோரின் உருவப்படங்களை 1650இல் வரைந்தார்.

2.4 இறுதிக் காலம் (1651 – 1660)

1652இல் அரண்மனையின் தலைமை இருப்பிட அதிகாரியாக நியமிக்கப்பட்டார். அரண்மனை அறைகளை ஒழுங்கு செய்தல், அரசரின் பயணங்களுக்குத் தங்குமிட வசதி செய்தல் போன்ற வேலைகள் அவர்மீது விழுந்தன. இதனால் ஓவியம் வரையக் கிடைத்த நேரம் குறைந்தது. அவர் வரைந்தவையாக இன்று ஏற்கப்படும் ஓவியங்கள் சுமார் 120 மட்டுமே. எனினும் "லாஸ் மெனினாஸ்" (1656), "நூல் நூற்போர்" ஆகிய ஒப்பற்ற படைப்புகள் இக்காலத்துக்கே உரியன.

1660 யூன் மாதத்தில் ஸ்பானிய அரச குமாரி மரியா தெரேசாவைப் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்குக் கையளிக்கும் வைபவம் இரு நாட்டு எல்லையிலுள்ள பிதசோவா ஆற்றுத் தீவொன்றில் நடைபெற்றது. அதன் அலங்கார ஏற்பாடுகள் வெலாஸ்குவெஸின் பொறுப்பில் இருந்தன. அங்கிருந்து திரும்பிய சில வாரங்களில் நோயுற்று 1660 ஓகஸ்ட் 6இல் காலமானார். எட்டு நாட்களின் பின் அவரது மனைவியும் இறந்தார்.

3. ஓவியன் கைவினைஞனா, கலைஞனா?

மாணவர்களே, இப்பகுதியைக் கதையென்று எண்ணித் தாண்டிச் செல்ல வேண்டாம். லாஸ் மெனினாஸை விளங்கிக் கொள்ள இதுவே திறவுகோல்.

அக்கால ஸ்பெயினில் ஓவியம் வரைதல் கையால் செய்யும் தொழிலாகவே கருதப்பட்டது. ஓவியர்கள் ஏனைய கைவினைஞர்களைப் போல விற்பனை வரி செலுத்த வேண்டுமென்று வழக்குகள்கூட நடந்தன. அரண்மனைக் கணக்கேடுகளில் வெலாஸ்குவெஸ் நாவிதர்களுக்குச் சமமான தரத்திலேயே வைக்கப்பட்டிருந்தார். அரசர் அவரது வேலைக்கூடத்தில் வந்து அமர்ந்து வேடிக்கை பார்ப்பார். ஆனால் சமூகம் அவரைக் கூலிக்கு வேலை செய்பவராகவே பார்த்தது.

ஆகவே அவர் சன்டியாகோ வீரர் சபையில் உறுப்பினராக விரும்பினார். அதற்கு உயர்குலப் பிறப்பு வேண்டும். கைத்தொழிலால் பிழைத்திருக்கவும் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். சுர்பரான், அலொன்சோ கானோ போன்ற சக ஓவியர்களும் அவருக்காகச் சாட்சியம் அளித்தனர். இருந்தும் உயர்குலப் பிறப்பை நிறுவ முடியவில்லை. இறுதியில் பாப்பரசரின் விசேட விலக்கு அனுமதி பெற்றே 1659 நவம்பரில் அவர் சபையில் சேர்க்கப்பட்டார். அந்தச் சிவப்புச் சிலுவையை ஒரு வருடம்கூட அவர் அணியவில்லை.

"சித்திரம் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்வியை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் அரசனின் ஓவியரே அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாயால் சொல்லவில்லை, தூரிகையால் சொன்னார்.

4. ஓவியப் பாணியின் சிறப்பியல்புகள்

(அ) நேரடி அவதானிப்பு: மாதிரியைக் கண்முன் வைத்து வரைந்தார். முன்கூட்டியே பல மாதிரி வரைபடங்கள் தயாரிக்கும் வழக்கம் அவரிடம் குறைவு. கன்வஸில் நேரடியாக வர்ணத்தால் தொடங்கி, வேண்டிய இடத்தில் மாற்றி வரைந்தார். அவ்வாறு மாற்றிய தடங்கள் சில ஓவியங்களில் இன்றும் தெரிகின்றன.

(ஆ) ஒளி நிழல்: ஆரம்ப ஓவியங்களில் இருண்ட பின்னணியில் ஒரு பக்கத்திலிருந்து பலமான ஒளி விழும். இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் வழிவந்த முறை இது. பிற்கால ஓவியங்களில் ஒளி மென்மையாகி அறை முழுவதும் காற்றோடு கலந்து பரவுகிறது.

(இ) மட்டான வர்ணத் தெரிவு: ஆரம்பத்தில் மண்ணிறம், காவி, கறுப்பு, பின்னர் வெள்ளி கலந்த சாம்பல், இளஞ்சிவப்பு. குறைந்த வர்ணங்களில் நிறைந்த வேறுபாடுகளைக் காட்டுவது அவரது திறமை.

(ஈ) பொருட்களின் மேற்பரப்பு இயல்பு: மண், கண்ணாடி, உலோகம், துணி, தோல் ஆகிய ஒவ்வொன்றும் தொட்டால் எப்படியிருக்கும் என்பதைக் கண்ணாலேயே உணரச் செய்கிறார்.

(உ) சுதந்திரமான தூரிகைத் தடம்: பிற்கால ஓவியத்தை மிக அருகில் பார்த்தால் தடங்களும் புள்ளிகளுமே தெரியும். சில அடி பின்னே சென்றால் அவையே சரிகையாகவும் தலைமுடியாகவும் மாறிவிடும். இதுவே மிக முக்கியமான இயல்பு. தூரத்தில் நிற்பவரின் ஒவ்வொரு மயிரிழையும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததை அவர் வரையவில்லை. பொருள் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமன்றி, கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை வரைந்தார்.

(ஊ) எல்லா மனிதருக்கும் சமமான மதிப்பு: அரசரை அழகுபடுத்தவில்லை, நீண்ட தாடை, தடித்த உதடு, வயதின் களைப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏழையை இழிவுபடுத்தவுமில்லை. தண்ணீர் விற்பவரின் முகத்தில் ஒரு பாப்பரசருக்குரிய கம்பீரம் உண்டு.

ஆரம்ப காலப் பாணிக்கும் பிற்காலப் பாணிக்கும் இடையிலான வேறுபாட்டைச் சுருக்கமாக இவ்வாறு நினைவில் வைத்திருங்கள்.

ஆரம்ப காலம்: தெளிவான வெளிக்கோடு, கடும் நிழல், மண் வர்ணம், சாதாரண மக்கள்.
பிற்காலம்: கரைந்த விளிம்பு, பரவிய ஒளி, சாம்பல் கலந்த வர்ணம், அரண்மனை மாந்தர்.
இரண்டுக்கும் பொதுவானது: நேர்மையான பார்வை.

5. தெரிவு செய்யப்பட்ட ஓவியங்கள்

5.1 முட்டை பொரிக்கும் கிழவி (1618)

இடம்: ஸ்கொட்லாந்து தேசிய கலைக்கூடம், எடின்பரோ

கரியடுப்பின் மேல் மண்சட்டி. அதில் இரண்டு முட்டைகள் பாதி வெந்து, வெண்கரு வெள்ளையாகத் திரளத் தொடங்கிவிட்டது. கிழவியின் ஒரு கையில் மரக்கரண்டி, மறு கையில் இன்னொரு முட்டை. அருகில் ஒரு சிறுவன் முலாம்பழத்தையும் கண்ணாடிக் குடுவையையும் ஏந்தி நிற்கிறான். மேசையில் வெங்காயமும் பித்தளை உரலும் உலக்கையும் இருக்கின்றன.

வெண்ணிறக் கிண்ணத்தின் மேல் வைக்கப்பட்ட கத்தியைப் பாருங்கள். கத்தி நேரானது; ஆனால் அதன் நிழல் கிண்ணத்தின் குழிவுக்கேற்ப வளைந்து விழுகிறது. கிண்ணத்தின் ஆழத்தை அந்த ஒரு நிழலே சொல்லிவிடுகிறது. செயன்முறைப் பரீட்சையில் பொருட்களைப் பார்த்து வரையும்போது நிழலைக் கடைசியில் பென்சிலால் தேய்த்துப் பூசிவிடும் பழக்கம் உங்களிற் பலருக்கு உண்டு. நிழலும் ஒரு வடிவம்தான். அதையும் பார்த்தே வரைய வேண்டும் என்பதை இக்கத்தி கற்பிக்கிறது.

5.2 செவில் நகரத் தண்ணீர் விற்பவர் (1620 அளவில்)

இடம்: அப்ஸ்லி இல்லம், இலண்டன்

முன்னே பெரிய மண்சாடி ஒன்று ஓவியத்தை விட்டு வெளியே வந்துவிடும்போல நிற்கிறது. அதன் புறத்தே நீர்த்துளிகள் வழிகின்றன. கிழிந்த மேலாடை அணிந்த முதியவர் கண்ணாடிக் குவளையைச் சிறுவனிடம் நீட்டுகிறார். தண்ணீருக்கு நறுமணமூட்ட இடப்பட்ட அத்திப்பழம் குவளைக்குள் தெரிகிறது. பின்னால் இருளில் இன்னொருவர் நீர் அருந்துகிறார்.

இளைஞன், நடுவயதினன், முதியவன் என வாழ்வின் மூன்று பருவங்கள் இதில் உள்ளதாகவும் விமர்சகர் கூறுவர். மிகச் சாதாரணமான ஒரு செயல் வழிபாடுபோல அமைதியாக நடைபெறுகிறது. மண்சாடியின் சொரசொரப்பும் கண்ணாடியின் தெளிவும் ஈரத்தின் பளபளப்பும் ஒரே ஓவியத்தில் வேறுபடுத்திக் காட்டப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

5.3 பிரேடாவின் சரணடைவு (1634 – 1635)

இடம்: பிராடோ நூதனசாலை, மட்ரிட்

நெதர்லாந்தின் பிரேடா நகரத்தை ஸ்பானியப் படை நீண்ட முற்றுகையின் பின் 1625இல் கைப்பற்றியது. தோற்ற தளபதி ஜஸ்ரின், நகரின் திறவுகோலை வென்ற தளபதி ஸ்பினோலாவிடம் கையளிக்கும் காட்சியே இது. அக்கால வெற்றி ஓவியங்களில் வென்றவர் குதிரைமேல் இருப்பார். தோற்றவர் காலடியில் மண்டியிடுவார். இங்கோ ஸ்பினோலா குதிரையை விட்டிறங்கி நிற்கிறார். மண்டியிடப் போகும் எதிரியின் தோளில் கைவைத்துத் தடுக்கிறார்.

வலப்பக்கத்தில் நேராக நிற்கும் ஈட்டிகளின் வரிசை ஸ்பானியப் படையின் கட்டுப்பாட்டைக் காட்டுகிறது. இதனால் இவ்வோவியத்துக்கு "ஈட்டிகள்" என்ற மறுபெயரும் உண்டு. தூரத்தில் புகை எழும் நிலம் நீலச் சாம்பல் வர்ணத்தில் மங்கிச் செல்கிறது. நடுவில் இரு தளபதிகளுக்கும் இடையே ஒளிப் பின்னணியில் அந்தத் திறவுகோல் தெளிவாகத் தெரிகிறது. ஓவியத்தின் மையம் எதுவென்று கேட்டால் தயங்காமல் அதையே எழுதுங்கள்.

வெலாஸ்குவெஸ் பிரேடாவைக் கண்ணால் கண்டவரல்லர். ஆனால் 1629இல் இத்தாலிக்குச் சென்றபோது ஸ்பினோலாவுடன் ஒரே கப்பலில் பயணம் செய்தவர். அந்த முகத்தை அவர் நன்கறிவார். வரலாற்றின் முரணையும் கவனியுங்கள்: ஓவியம் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1637இல், பிரேடா மீண்டும் டச்சுக்காரர் வசமாயிற்று. வெற்றி நிலைக்கவில்லை; தோள்மேல் வைத்த அந்தக் கை நிலைத்துவிட்டது.

5.4 செபஸ்தியான் டி மொரா (1645 அளவில்), ஹுவான் டி பரேஹா (1650)

இவ்விரு உருவப்படங்களையும் சேர்த்துப் படியுங்கள்.

அரண்மனையில் உயரம் குறைந்தவர்களை அரச குடும்பத்தின் பொழுதுபோக்குக்காக வைத்திருப்பது அக்கால வழக்கம். செபஸ்தியான் டி மொரா அவர்களுள் ஒருவர். எல்லாரும் பார்த்துச் சிரித்த மனிதரை வெலாஸ்குவெஸ் சிரிப்பின்றி வரைந்தார். நிலத்தில் கால்களை நீட்டி, கைகளை மூடி இடுப்பில் ஊன்றியபடி அவர் நேராக நம்மைப் பார்க்கிறார். பின்னணியில் கவனத்தைத் திருப்ப எதுவுமில்லை. அந்தக் கண்களைச் சந்திக்கும்போது வேடிக்கை பார்க்க வந்தவரே தலைகுனிய வேண்டியிருக்கிறது.

ஹுவான் டி பரேஹா வெலாஸ்குவெஸின் வேலைக்கூடத்தில் உதவியாளர். சட்டப்படி அவரது அடிமை. பரேஹாவின் உருவப்படம் 1650 மார்ச்சில் உரோமிலுள்ள பந்தியன் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றது. சாம்பற் பச்சை ஆடையும் வெண்ணிறக் கழுத்துப் பட்டியும் அணிந்து, ஒரு கனவானைப் போல நிமிர்ந்து நிற்கிறார் பரேஹா. அதே ஆண்டு நவம்பரில் அவரை விடுவிக்கும் பத்திரத்தில் வெலாஸ்குவெஸ் கையொப்பமிட்டார். அது நான்கு ஆண்டுகளின் பின்னரே நடைமுறைக்கு வந்தது. பின்னர் பரேஹாவும் ஓவியராகத் திகழ்ந்தார்; அவர் 1661இல் வரைந்த ஓவியமொன்று பிராடோ நூதனசாலையில் உள்ளது.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பரேஹாவை இத்தனை மதிப்புடன் வரைந்தவரே பல ஆண்டுகள் அவரை அடிமையாக வைத்திருந்தவர். கலைஞரைப் போற்றும்போது இதை மறைக்கத் தேவையில்லை. தூரிகை கண்ட உண்மையை மனிதர் வாழ்க்கையில் ஏற்கச் சில காலம் எடுத்தது எனலாம்.

5.5 லாஸ் மெனினாஸ் - அரச குமாரியின் தோழியர் (1656)

இடம்: பிராடோ நூதனசாலை, மட்ரிட்
அளவு: 318 x 276 சென்ரிமீற்றர்

நடுவில் ஐந்து வயது அரச குமாரி மார்கரிட்டா. ஒரு பக்கத்தில் தோழி மண்டியிட்டுத் தட்டில் சிறிய சிவப்புக் குவளையை நீட்டுகிறாள். மறுபக்கத் தோழி வணங்கி நிற்கிறாள். வலப்புறம் உயரம் குறைந்த மாரி பார்போலாவும், படுத்திருக்கும் நாயின்மேல் காலை வைத்துச் சீண்டும் நிக்கலாஸ் பெர்துசாத்தோவும். அவர்களுக்குப் பின்னே நிழலில் பணிப்பெண் தலைவியும் காவலர் ஒருவரும். தூரத்தில் திறந்த கதவின் படியில் அரண்மனை அதிகாரி ஹோசே நியேத்தோ. இடப்புறம் பெரிய கன்வஸின் முன் தூரிகையுடன் வெலாஸ்குவெஸ். பின்சுவரிலுள்ள கண்ணாடியில் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிகின்றனர். அறையில் ஒன்பது பேர், கண்ணாடியில் இருவர். மொத்தம் பதினொரு உருவங்கள்.

இனி யோசியுங்கள். வெலாஸ்குவெஸ் யாரை வரைந்து கொண்டிருக்கிறார்? கண்ணாடியில் தெரிவோர் அரசரும் அரசியுமெனில், அவர்கள் நிற்கும் இடம் ஓவியத்துக்கு வெளியே, இப்போது நாம் நிற்கும் இடம். அரசர் நின்ற இடத்தில் நம்மை நிறுத்திவிட்டார் ஓவியர்! கண்ணாடியில் தெரிவது கன்வஸில் வரையப்படும் படத்தின் பிரதிபலிப்பு என்று வாதிடுவோரும் உளர். எந்தக் கருத்தை எழுதினாலும் காரணத்துடன் எழுதுங்கள்.

ஒளி வலப்புறச் சாளரத்திலிருந்து குமாரியின்மேல் விழுகிறது. பின்கதவில் இரண்டாவது ஒளி. இரண்டுக்கும் இடையிலுள்ள மங்கிய வெளியே அறையின் ஆழத்தை உணர்த்துகிறது. ஓவியத்தின் மேற்பாதி ஏறக்குறைய வெறுமையான இருண்ட சுவரும் கூரையுமே. வெறுமையையும் பயன்படுத்தத் தெரிந்தவரே சிறந்த ஒழுங்கமைப்பாளர்.

ஓவியரின் மார்பில் சிவப்புச் சிலுவை தெரிகிறதல்லவா? ஓவியம் முடிந்தது 1656இல். அவர் வீரர் சபையில் சேர்ந்தது 1659இல். ஆகவே சிலுவை பின்னர் சேர்க்கப்பட்டதாகும். அரசரே தம் கையால் வரைந்தார் என்பது வழிவழிக் கதை. அதனை வரலாறாக எழுத வேண்டாம். கைவினைஞர் என்று ஒதுக்கப்பட்டவர், அரச குடும்பத்துடன் ஒரே அறையில், தூரிகையைக் கையில் பிடித்தபடியே தன்னை வரைந்து வைத்தார். மூன்றாம் பகுதியிற் சொன்ன கேள்விக்கு அவரது பதில் இதுவே.

6. பிற்கால ஓவியர்களில் செல்வாக்கு

• பிரெஞ்சு ஓவியர் எடுவார் மனே 1865இல் மட்ரிட் சென்று இவரது ஓவியங்களைக் கண்டு, இவரை ஓவியர்களின் ஓவியர் எனப் புகழ்ந்தார். மனவுணர்வு வாதிகளின் சுதந்திரத் தூரிகைத் தடத்துக்கு இவர் முன்னோடியாக மதிக்கப்படுகிறார்.
• பிக்காசோ 1957இல் லாஸ் மெனினாஸை அடிப்படையாகக் கொண்ட 58 ஓவியங்களின் தொடரை வரைந்தார். அது பார்சலோனாவிலுள்ள பிக்காசோ நூதனசாலையில் உள்ளது.
• பிரான்சிஸ் பேக்கன் 1953இல், பத்தாம் இன்னசென்ற் பாப்பரசரின் உருவப்படத்தைத் தழுவி அலறும் பாப்பரசரை வரைந்தார்.

7. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

1. வெலாஸ்குவெஸை 19ஆம் நூற்றாண்டின் யதார்த்தவாத இயக்கத்தைச் சேர்ந்தவர் என எழுதுதல். அவ்வியக்கம் பிரான்ஸில் கூர்பேயுடன் தொடர்புடையது. வெலாஸ்குவெஸ் 17ஆம் நூற்றாண்டின் பரோக் காலத்தில் யதார்த்தப் பாங்கில் வரைந்தவர்.
2. "ஒவ்வொரு நுணுக்கத்தையும் நுட்பமாக வரைந்தார்" என எழுதுதல். இது ஆரம்ப ஓவியங்களுக்கு ஓரளவு பொருந்தும். பிற்கால ஓவியங்களுக்குப் பொருந்தாது.
3. ஓவியத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்திவிடுதல். ஓவியத்தில் நீங்கள் கண்ட ஒரு பொருளையாவது சுட்டி எழுதினால்தான் அது இரசனைக் குறிப்பாகும்.

8. மாதிரி வினாக்கள்

பகுதி அ - சரியான விடையைத் தெரிவு செய்க.

(1) வெலாஸ்குவெஸின் குரு யார்?
(i) ரூபன்ஸ் (ii) பச்சேகோ (iii) டிஷியன் (iv) சுர்பரான்

(2) "ஈட்டிகள்" என்ற மறுபெயரால் அழைக்கப்படும் ஓவியம் எது?
(i) லாஸ் மெனினாஸ் (ii) நூல் நூற்போர் (iii) பிரேடாவின் சரணடைவு (iv) வல்கனின் கொல்லுலை

(3) சமையலறை, உணவுச்சாலைக் காட்சிகளைக் கொண்ட ஸ்பானிய ஓவிய வகை எது?
(i) பரோக் (ii) சன்டியாகோ (iii) பந்தியன் (iv) போதெகோன்

விடைகள்: (1) ii (2) iii (3) iv

பகுதி ஆ - சுருக்கமான விடை தருக.

வினா: வெலாஸ்குவெஸின் ஆரம்ப ஓவியங்களில் ஒளி எவ்வாறு கையாளப்பட்டுள்ளது?
விடை: இருண்ட பின்னணியில் ஒரு பக்கத்திலிருந்து பலமான ஒளி விழுகிறது. இதனால் உருவங்களும் பொருட்களும் முப்பரிமாணத் தன்மையுடன் தோன்றுகின்றன. உதாரணம்: முட்டை பொரிக்கும் கிழவி.

பகுதி இ - கட்டுரை வினா.

வினா: "வெலாஸ்குவெஸ் சாதாரண மனிதருக்கும் அரசருக்கும் சமமான மதிப்பளித்த ஓவியர்." இரு ஓவியங்களை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

விடை எழுதும் ஒழுங்கு:
• அறிமுகம்: ஓவியரின் காலம், நாடு, பதவி
• முதல் உதாரணம்: செவில் நகரத் தண்ணீர் விற்பவர் - கிழிந்த ஆடை, கம்பீரமான முகம், அமைதியான செயல்
• இரண்டாம் உதாரணம்: லாஸ் மெனினாஸ் - குமாரிக்கு அருகில் மாரி பார்போலாவுக்கும் தெளிவான இடம், அரசர் கண்ணாடியில் மங்கலாக மட்டும்
• முடிவு: யதார்த்தம் என்பது உருவ ஒற்றுமை மட்டுமன்று, பக்கச்சார்பற்ற பார்வையும் ஆகும் என்ற கருத்து

செயற்பாடு: உங்கள் வீட்டுச் சமையலறையிலுள்ள மண்சட்டி ஒன்றையும் இரண்டு வெங்காயங்களையும் சாளரத்தருகே வையுங்கள். வரையத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் பாருங்கள், பென்சிலைத் தொட வேண்டாம். நிழல் எங்கே வளைகிறது, விளிம்பு எங்கே மறைகிறது என்று தேடுங்கள். பிறகு கண்டதை மட்டும் வரையுங்கள். சட்டி எப்படியிருக்குமென்று உங்களுக்குத் தெரிந்ததை வரையாமல், இப்போது உங்கள் முன்னால் இருக்கும் சட்டியை வரைய முடிந்தால், இப்பாடத்தை நீங்கள் விளங்கிக் கொண்டீர்கள் என்பது பொருள்.